ஏற்காடு மலைப்பாதையும் ஞாயிற்றுக்கிழமைப் பட்டறையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். பாதி மலையில், ஒரு கொண்டை ஊசி வளைவுக்குச் சற்றுக் கீழே, ஏழு பேர் அமரக்கூடிய புது வண்டி ஒன்று ஓரமாக நின்றிருந்தது. முன்சக்கரங்கள் இரண்டிலிருந்தும் புகை எழுந்துகொண்டிருந்தது. கரிந்த வாடை வளைவுக்கு மேலேயே மூக்கில் ஏறிவிட்டது. பெண்களும் குழந்தைகளும் தடுப்புச் சுவரை ஒட்டி நின்றார்கள். வண்டியை ஓட்டி வந்த இளைஞர் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து, சக்கரத்தின் மேல் ஊற்றுவதற்காகக் குனிந்துகொண்டிருந்தார். நான் என் வண்டியை நிறுத்திவிட்டு ஓடிச் சென்று அவர் கையைப் பிடித்துத் தடுத்தேன். கொதித்துக் கிடக்கும் பிரேக்கின் வார்ப்பிரும்புத் தட்டில் குளிர்ந்த நீர் பட்டால் தட்டு விரிசல் விடலாம், கோணலாகலாம்; அதன் பிறகு அந்த பிரேக்கை நம்பி மீதி மலையை இறங்க முடியாது.

“புது வண்டிங்க சார், எடுத்து மூணு மாசம்கூட ஆகலைங்க. திடீர்னு பெடல் அடி வரைக்கும் போயிருச்சுங்க” என்றார். எந்த கியரில் இறங்கினீர்கள் என்று கேட்டேன். “இறக்கம்தானேங்க, நியூட்ரல்லதாங்க வந்தேன்” என்றார்.

வண்டியை முதல் கியரில் விட்டு, சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, அரை மணி நேரத்துக்கு மேல் ஆற விட்டோம். பெடல் மீண்டும் இறுக்கமாக வந்து நிற்கிறதா என்று நின்ற இடத்திலேயே பலமுறை மிதித்துப் பார்த்த பிறகு, இரண்டாவது கியரில் மெதுவாக இறங்கச் சொல்லி, அடிவாரம் வரை நான் முன்னே சென்றேன். அந்த இளைஞர் படித்தவர், கவனமில்லாதவரும் அல்லர், பிள்ளைகள் எல்லோருக்கும் சீட் பெல்ட் மாட்டி அழைத்து வந்தவர். ஆனால் தன் வண்டியின் சக்கரத்துக்குள் என்ன இருக்கிறது என்பதை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அவருக்கு அதை யாரும் கழற்றிக் காட்டியதுமில்லை. அன்று இரவு முழுவதும் என் மனத்தை விட்டு அகலாத அந்த எண்ணமே இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டியது.

நான் கூட்டுறவுத் துறையில் கணக்கராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். பொறியியல் படித்தவன் அல்லன். வண்டி ஓட்டுவதும் பழுது பார்ப்பதும் ஒருநாளும் என் பிழைப்பாக இருந்ததில்லை. ஆனால் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக என் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளை, 1996இல் வாங்கிய என் மாருதி 800 வண்டியோடும், வாழப்பாடியில் என் மைத்துனர் காய்கறி ஏற்றுவதற்கு வைத்திருக்கும் டாடா 407 வண்டியோடும் கழித்து வருகிறேன். இரண்டும் அருங்காட்சியகத்தில் வைக்கத்தக்கவை அல்ல. 1983 டிசம்பரில் முதல் வண்டி வாடிக்கையாளர் கைக்கு வந்ததிலிருந்து 2014இல் உற்பத்தி நின்றது வரை, மாருதி 800 இந்த நாட்டின் நடுத்தரக் குடும்பங்கள் ஏறிச் சென்ற கார். 1986இல் வந்த 407, இன்றும் நம் உழவர் சந்தைகளுக்கும் லீ பஜாருக்கும் சரக்கு ஏற்றிச் செல்லும் வண்டி. பழங்காலக் கார்களைத் தேய்த்துப் பளபளப்பாக்கி ஊர்வலம் விடுவோர் மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆயினும் நான் சொல்ல வந்தது, அன்றாடம் கடைக்கும் வேலைக்கும் போய்வரும் சாதாரண வண்டியைத் தன் கையாலேயே கழற்றிப் பூட்டிப் பராமரித்து, அதை முறையாக ஓட்டுவதில் மகிழ்ச்சி காணும் பழக்கத்தைப் பற்றியது. அந்தப் பழக்கம் சேலம் போன்ற ஊரிலேயே அருகி வருவது எனக்குப் பெரிய இழப்பாகத் தோன்றுகிறது.

சேலம் போன்ற ஊர் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தெற்கே நாமக்கல்லில் லாரிகளுக்குக் கூடு கட்டுகிறார்கள். மேற்கே சங்ககிரி லாரி உரிமையாளர்களின் ஊர். திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டிகள் வடமாநிலங்கள் வரை சென்று துளையிடுகின்றன. இப்படிப்பட்ட வட்டாரத்தில் வளர்ந்தவர்களுக்கு இரும்பும் கிரீஸும் அந்நியமானவை அல்ல. என் பெரியப்பா சங்ககிரியில் லேலண்டு லாரி ஓட்டினார். பள்ளி விடுமுறையில் அவர் வண்டிக்கு அடியில் படுத்திருக்கும்போது, கேட்கிற ஸ்பேனரை எடுத்து நீட்டுவதும் டார்ச் விளக்கைப் பிடிப்பதும் என் வேலை. பதினாறாம் நம்பர் ஸ்பேனருக்குப் பதிலாகப் பதினேழை நீட்டினால் திட்டு விழும். ஏனென்றால் பொருந்தாத ஸ்பேனர் போல்ட்டின் மூலைகளை மழுங்கடித்துவிடும், பிறகு அதை வெட்டித்தான் எடுக்க வேண்டும். இன்றைக்கு எனக்கு இருக்கும் அறிவின் பாதி, அந்த டார்ச் விளக்கைப் பிடித்தபோது வந்தது.

அவர் சொன்னவற்றுள் முதன்மையானது, எந்த கியரில் மலை ஏறினாயோ அந்த கியரில் இறங்கு என்பது. காரணத்தை அவர் விளக்கியதில்லை. பின்னாளில் நானாகக் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் அதன் கனம் எனக்கு விளங்கியது.

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,515 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; சேலம் நகரம் 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. ஆகவே அடிவாரத்தை வந்து சேர்வதற்குள் ஒரு வண்டி ஆயிரம் மீட்டருக்கு மேல் செங்குத்தாகக் கீழே இறங்கிவிடுகிறது. நான்கு பேர் அமர்ந்த என் சிறிய கார், சாமான்களோடு சேர்த்து ஆயிரம் கிலோ இருக்கும். ஆயிரம் கிலோ எடை ஆயிரம் மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றலை மின்கட்டணக் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ இரண்டே முக்கால் யூனிட். முப்பது லிட்டருக்கு மேற்பட்ட குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம். ஏழு பேர் ஏறிய பெரிய வண்டிக்கு இது இரண்டு மடங்காகும். ஒரு பகுதியைக் காற்றும் டயரும் வாங்கிக்கொண்டாலும், பெரும்பங்கை எஞ்சினோ பிரேக்கோ ஏற்றாக வேண்டும். வண்டி கியரில் இருந்தால், எரிபொருள் பெறாமல் சுழலும் எஞ்சின் சக்கரங்களைப் பிடித்து இழுத்து, அந்தச் சுமையில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்ளும். நியூட்ரலில் விட்டாலோ, அத்தனையும், சக்கரத் தட்டை அழுத்திப் பிடிக்கும் உள்ளங்கை அளவுள்ள சில பிரேக் கட்டைகளின் தலையில் வந்து விழுகிறது.

அதன் பிறகு நடப்பது ஒன்றன்பின் ஒன்றாக வரும். கட்டைகள் அளவுக்கு மீறிச் சூடேறினால் அவற்றின் உராய்வு குறைகிறது. பின்சக்கரத்தோடு சுழலும் டிரம் என்ற உருளை சூட்டில் விரிவதால், உள்ளிருந்து அதை அழுத்தும் லைனிங் என்ற உராய்வுப் பட்டை அதைத் தொடுவதற்கு இன்னும் அதிகத் தூரம் நகர வேண்டியிருக்கிறது. பெடல் தாழ்ந்துகொண்டே போகிறது. கடைசியில் அந்தச் சூடு, பெடலின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் பிரேக் ஆயிலுக்கும் போகிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. புதிதாக ஊற்றிய, டாட் 3 என்ற தர வகையைச் சேர்ந்த ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. எடையில் நூற்றுக்கு 3.7 பங்கு நீர் சேர்ந்துவிட்ட நிலையில் அதற்கு விதித்திருக்கும் அளவு 140 டிகிரிதான். டாட் 4 வகையில் இந்த அளவுகள் 230, 155 என்று சற்றுக் கூடுதல். ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழிகள் உண்டாகும். திரவம் அழுத்தத்துக்குச் சுருங்காது, ஆவி சுருங்கிவிடும். எனவே மிதிக்கும் விசையெல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே போய், பெடல் அடி வரைக்கும் இறங்கி, சக்கரம் நிற்காமல் ஓடும். அந்த இளைஞரின் வண்டி புதியது, ஆயிலும் பெரும்பாலும் புதியதாகவே இருந்திருக்கும்; அதனையே கொதிக்க வைக்கும் அளவுக்குச் சூடு ஏறியது என்றால், நான்கைந்து ஆண்டுகளாக ஆயில் மாற்றாத வண்டியில் அப்படி இறங்குவோரின் நிலையை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

நியூட்ரலில் இறங்கினால் பெட்ரோல் மிச்சமாகும் என்ற நம்பிக்கையே பலரை இந்தத் தவற்றுக்கு இழுக்கிறது. பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டர் கொண்ட வண்டிகளின் காலத்திலேயே இது ஆபத்தான சிக்கனம். இன்றைய வண்டிகளிலோ சிக்கனமே அன்று. எரிபொருளைப் பீய்ச்சும் முறை வந்த பிறகு, கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கும்போது எஞ்சினுக்குப் போகும் எரிபொருள் பெரும்பாலும் அடியோடு நிறுத்தப்படுகிறது. நியூட்ரலில் விட்டால்தான், எஞ்சின் அணையாமல் ஓடுவதற்காக வண்டி எரிபொருளைக் குடிக்கிறது. இன்னும் சிலர் எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குகிறார்கள். பிரேக் பெடலுக்கு உதவும் பூஸ்டர், எஞ்சின் உண்டாக்கும் வெற்றிடத்தைக் கொண்டு இயங்குவது. எஞ்சின் நின்றால் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கல்லாக இறுகிவிடும். சாவியை முழுவதும் திருப்பி எடுத்துவிட்டால் ஸ்டீயரிங்கும் பூட்டிக்கொள்ளலாம். இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள சாலையில் இதைச் செய்கிறார்கள் என்பதை நம்புவதற்கே கடினமாக இருக்கிறது. ஆனால் எஞ்சின் ஒலியே இல்லாமல் டயர் சத்தத்தோடு மட்டும் என்னைக் கடந்து இறங்கிய வண்டிகளை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஆட்டோமேடிக் வண்டி வைத்திருப்போர் தங்களுக்கு இது பொருந்தாது என்று எண்ண வேண்டாம். அவற்றிலும் கியரைத் தாழ்த்தி நிறுத்துவதற்கான வழி உண்டு. அது தங்கள் வண்டியில் எங்கே இருக்கிறது என்பதை மலையேறும் முன் தெரிந்துகொள்ள வேண்டும். மின்சாரக் கார்கள் இறக்கத்தில் மின்சாரத்தைத் திரும்பச் சேமித்து வேகத்தைக் கட்டுப்படுத்துவது உண்மைதான். ஆனால் மேலேயே பேட்டரியை முழுவதும் நிரப்பிக்கொண்டு புறப்பட்டால், அந்தச் சேமிப்புக்கு இடமிராது; தொடக்கத்தில் அந்தப் பிடிப்பு குறைவாகவே கிடைக்கும்.

இவற்றையெல்லாம் எழுதிப் படித்தால் மனத்தில் நிற்காது என்பதே என் அனுபவம். கையால் தொட்டவருக்குத்தான் நிற்கும். பின்சக்கரத்தைக் கழற்றி, டிரம்மைத் தட்டி எடுத்து, தேய்ந்த லைனிங்கைப் புதிய லைனிங்கோடு பக்கத்தில் வைத்துப் பார்த்த ஒருவர், பிறகு ஒருபோதும் பிரேக்கின் மேல் காலை வைத்தபடியே மலை இறங்கமாட்டார். என் மகள் பத்தாம் வகுப்புப் படித்த காலத்திலிருந்து, பிரேக்கில் ஏர் எடுக்கும் நாளில், அதாவது ஆயில் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றும் நாளில், எனக்குத் துணையாக இருந்தாள். அவள் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து நான் சொல்லும்போது பெடலை மிதித்துப் பிடிப்பாள். நான் சக்கரத்தருகே ஆயில் வெளியேறும் நிப்பிளைக் கால் சுற்றுத் தளர்த்துவேன். கண்ணாடிக் குழாயின் வழியே முதலில் தேநீர் நிறத்தில் பழைய ஆயிலும், அதோடு முத்து முத்தாகக் காற்றுக் குமிழிகளும் வரும். நான் முடுக்கிய பிறகே அவள் காலை எடுக்க வேண்டும். தேன் நிறத்தில் தெளிந்த ஆயில் குமிழியில்லாமல் வரும் வரை இப்படியே நான்கு சக்கரங்களுக்கும் செய்வோம். அப்போது அவள் காலடியில் பெடல் மெல்ல மெல்ல உறுதிப்படுவதை அவளே உணர்வாள். இன்று அவள் வேறு ஊரில் தானியங்கி வசதிகள் நிறைந்த வண்டி ஓட்டுகிறாள். பெடலில் சிறு மென்மை தென்பட்டாலும் உடனே அதைக் கவனிக்கிறாள். இந்தப் பயிற்சியை எந்த ஓட்டுநர் பள்ளியும் அவளுக்குத் தரவில்லை.

கையறிவு பணத்தையும் காக்கிறது என்பதற்கு என் வாழ்விலிருந்து ஒன்று சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் உடல்நலக் குறைவால் என் வண்டியை நகரிலுள்ள ஒரு பணிமனையில் விட்டேன். பின்சக்கரத்தில் பிரேக் ஆயில் கசிகிறது, ஆகவே பெடலிலிருந்து ஆயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டர், சக்கரத்தில் லைனிங்கைத் தள்ளும் வீல் சிலிண்டர்கள், லைனிங், டிரம் அனைத்தையும் மாற்ற வேண்டும் என்று ஐந்து இலக்கத்தில் ஒரு தொகையைச் சொன்னார்கள். வண்டியைத் திரும்ப எடுத்து வந்து, உடல் தேறிய பிறகு நானே பிரித்துப் பார்த்தேன். ஒரு வீல் சிலிண்டருக்குள் இருந்த ரப்பர் கப் மட்டுமே கிழிந்திருந்தது. அந்த ஒரு சிலிண்டரையும், ஆயில் பட்டுக் கெட்டுப்போன லைனிங்கையும், இரு பக்கமும் ஒரேபோலப் பிடிக்க வேண்டும் என்பதற்காக மறுபக்க லைனிங்கையும் மாற்றியதோடு வேலை முடிந்தது. நேர்மையான மெக்கானிக்குகள் இந்த ஊரில் ஏராளமாக இருக்கிறார்கள். ஐந்து ரோட்டிலிருந்து கொண்டலாம்பட்டி வரை சிறு பட்டறைகளில் கண்ணால் பார்த்தும் காதால் கேட்டும் பழுதைச் சொல்லும் கைகளுக்கு நான் பலமுறை கடன்பட்டிருக்கிறேன். ஆனால் நேர்மையானவரை அடையாளம் காண்பதற்கும் நமக்குச் சிறிதளவு தெரிந்திருக்க வேண்டும்.

இன்றைய வண்டிகளில் எல்லாம் கணினிமயம், வீட்டில் கை வைக்க முடியாது என்று சொல்வார்கள். ஓரளவு உண்மை, என் மாருதியின் 796 சிசி எஞ்சினில் கார்புரேட்டரை மேசைமேல் பிரித்துப் போட்டுக் கழுவியதுபோல இன்றைய எஞ்சினில் செய்ய இயலாது. ஆனால் பிரேக் கட்டையின் கனத்தைப் பார்ப்பதற்கும், பிரேக் ஆயிலின் நிறத்தை அறிவதற்கும், ரேடியேட்டர் நீர் குறைந்திருக்கிறதா என்று எஞ்சின் ஆறிய பின் திறந்து பார்ப்பதற்கும் எந்தக் கணினியும் குறுக்கே நிற்பதில்லை. டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் அச்சிட்ட நான்கு இலக்கங்களைப் படிக்கத் தெரிந்தாலே எவ்வளவோ நன்மை உண்டு. 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்ட டயர். பட்டன் தேயாமல் பளிச்சென்று தெரிந்தாலும், வயதான ரப்பர் வெயிலில் இறுகி வெடிப்பு விட்டிருக்கக்கூடும்.

மலை ஏறுவதைப் பற்றியும் ஒரு சொல். ஏற்காட்டு உயரத்தில் காற்றின் அடர்த்தி சேலத்தைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. காற்றை அழுத்தித் தரும் டர்போ இல்லாத எஞ்சினின் இழுவையும் அதே அளவு குறையும். ஊருக்குள் எளிதாக முந்திய வண்டி மேலே முந்தத் திணறுவது அதனால்தான். வளைவுகளில் அரை கிளட்சில் நிறுத்தி நிறுத்தி ஏறி, கிளட்ச் பிளேட்டைக் கருக்கிவிட்டு வண்டியைக் குறை சொல்வோரும் உண்டு. குறுகிய இடத்தில் ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. சுமையோடு ஏறும் வண்டி ஒருமுறை நின்றுவிட்டால் மீண்டும் கிளம்புவது எவ்வளவு பாடு என்பதை 407 ஓட்டிய பிறகு நான் மறந்ததில்லை. இந்த மலையில் எப்படி ஓட்ட வேண்டும் என்று கற்க விரும்புவோர், ஏற்காட்டுக்குச் சென்று வரும் அரசுப் பேருந்தின் பின்னால் போதிய இடைவெளி விட்டு ஒருமுறை இறங்கிப் பார்க்கலாம். தாழ்ந்த கியரில் எஞ்சின் ஒரே சுருதியில் முனகிக்கொண்டே வரும். வளைவுக்கு முன்பே வேகம் குறையும். பிரேக் விளக்கு சிறிது நேரம் எரிந்து அணையும், தொடர்ந்து எரிந்துகொண்டே இராது. அந்த ஓட்டுநர்களின் திறமையைப் பயணிகள் எவரும் வாய்விட்டுப் பாராட்டி நான் கேட்டதில்லை என்பதால் இங்கே குறிப்பிடுகிறேன்.

பழைய வண்டிகளைக் குறித்த விதிகளைப் பற்றி என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பின் ஆய்வுக்கு உட்படுத்தி ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். ஆய்வை நான் முழு மனத்தோடு வரவேற்கிறேன். பிரேக் பிடிக்காத வண்டி, எத்தனை வயதானாலும், சாலையில் இருக்கக் கூடாது. ஆனால் 2022 ஏப்ரல் முதல் மறுபதிவுக் கட்டணம் காருக்கு 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டபோது, நன்றாகப் பராமரிக்கப்பட்ட வண்டிக்கும் கேட்பாரற்றுக் கிடந்த வண்டிக்கும் வேறுபாடு காட்டப்படவில்லை. 50 ஆண்டுகள் கடந்த வண்டிகளுக்குப் பாரம்பரிய வாகனம் என்ற தனித் தகுதி 2021இல் வழங்கப்பட்டது. அதிலும் அவற்றை அன்றாடம் ஓட்ட அனுமதி இல்லை. பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட வயதில், ஒருவருடைய அன்றாட உழைப்பால் உயிரோடு இருக்கும் சாதாரண வண்டிகளை எந்த விதியும் தனியாகக் கருதவில்லை. கழற்றிக் கற்பதற்கு ஏற்றவை அந்த வண்டிகளே. அவையெல்லாம் உடைப்பதற்குப் போய்விட்டால் அடுத்த தலைமுறை எதில் கைபழகும்?

இதைப் படித்துவிட்டு நாளையே வண்டியைத் தூக்கி நிறுத்த எண்ணுவோருக்கு மூன்று எச்சரிக்கைகளைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டக் கூடாது. சமதளத்தில் நிறுத்தி, மறுசக்கரங்களுக்குத் தடை வைத்து, எடை தாங்கும் இரும்பு ஸ்டாண்டின் மேல் வண்டியை இறக்கிய பிறகே கீழே போக வேண்டும். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கக்கூடும் என்பதால் டிரம்மிலுள்ள தூசியை வாயாலோ காற்றாலோ ஊதாமல், ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். வடித்த எஞ்சின் ஆயிலைச் சாக்கடையில் ஊற்றினால், அது நம் திருமணிமுத்தாற்றுக்குத்தான் போய்ச் சேரும். அந்த ஆறு ஏற்கெனவே படும் பாட்டை நாம் அறிவோம். டப்பாவில் பிடித்து வைத்து, பழைய ஆயில் வாங்குவோரிடம் கொடுத்துவிடலாம்.

இனி, தங்கள் நாளிதழின் வழியாக உரியவர்களிடம் நான் முன்வைக்கும் வேண்டுகோள். இந்த மாவட்டத்தில் அரசுத் தொழிற்பயிற்சி நிலையமும் தொழில்நுட்பக் கல்லூரிகளும் இருக்கின்றன. வண்டியைத் தூக்கும் இயந்திரமும் கருவிகளும் உள்ள பயிற்சிக் கூடங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டிக் கிடக்கின்றன. மாதத்தில் இரண்டு ஞாயிறுகளுக்காவது, ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையில், நியாயமான கட்டணத்தில் அவற்றைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடலாம். தன் வண்டியைக் கொண்டுவந்து, தன் கையால் சக்கரத்தைக் கழற்றி, பிரேக் கட்டையைப் பார்த்து, நட்டுகளை எதிரெதிராக முடுக்கிப் பூட்டிச் செல்வதற்கு அரை நாள் போதும். பெண்களுக்கென்று ஒரு நாளை ஒதுக்கினால் மிக நல்லது. வண்டி ஓட்டும் பெண்கள் பெருகியிருக்கிறார்கள், ஆனால் பட்டறையில் நின்று கேள்வி கேட்கத் தயங்குகிறார்கள். பழுதான வண்டியை உடைப்பதற்கு அனுப்பும் முன், அதன் எஞ்சினையும் பிரேக் பாகங்களையும் இத்தகைய கூடங்களுக்குப் பயிற்சிப் பொருளாகத் தருவதற்கும் வழி செய்யலாம்.

போக்குவரத்துத் துறையும் நெடுஞ்சாலைத் துறையும் செய்யக்கூடியவை இதைவிடச் செலவு குறைந்தவை. ஏற்காடு ஏரியைக் கடந்து இறக்கம் தொடங்கும் இடத்திலும் குப்பனூர் வழியாக இறங்கும் மாற்றுப் பாதையின் தலைப்பிலும், “இரண்டாவது கியரில் இறங்கவும், நியூட்ரல் கூடாது” என்று தமிழில் பெரிய எழுத்தில் பலகை வைக்க வேண்டும். பாதி மலையில், பார்வைக் கோணம் மறையாத அகலமான ஓரிரு இடங்களைப் பிரேக் ஆற விடுவதற்கென்று குறித்து, அங்கே கடைகளோ நிறுத்தங்களோ வராமல் காக்க வேண்டும். சேலத்து ஓட்டுநர் பள்ளிகள் அனைத்தும், மாணவர்களை ஒரே ஒருமுறையாவது அடிவாரத்திலிருந்து சில வளைவுகள் ஏற்றி, கியரில் இறங்கப் பழக்கிய பிறகே தேர்வுக்கு அனுப்ப வேண்டும் என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் கேட்டுக்கொள்ளலாம். மலை இருபது நிமிடத் தொலைவில் இருக்கும் ஊரில், சமதளத்தில் எட்டுப் போட்டுக் காட்டுவதோடு கற்பது நின்றுவிடக் கூடாது.

பயிற்சிக் கூடம் ஏதேனும் ஒன்று திறக்க முன்வருமானால், சக்கரத்தையும் பிரேக்கையும் கழற்றிக் காட்டுவதற்கு என் ஞாயிற்றுக்கிழமைகளைத் தருகிறேன். என்னிடம் நான்கு இரும்பு ஸ்டாண்டுகளும், இரண்டு ஜாக்கிகளும், பெரியப்பா விட்டுச்சென்ற ஸ்பேனர் பெட்டியும் இருக்கின்றன, அவற்றையும் கொண்டுவருவேன். அன்று மலையில் சந்தித்த அந்த இளைஞர் கடந்த வாரம் என் வீட்டுக்கு வந்திருந்தார். அவருடைய வண்டியின் முன்சக்கரத்தை இருவருமாகக் கழற்றினோம். சூட்டில் நீலம் பாய்ந்திருந்த தட்டை அவர் வெகுநேரம் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிறு தம் தம்பியையும் அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இங்ஙனம்,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்.